பைக்குள் நின்ற மருந்து

அத்தானுக்கு ஒரு கேள்வி வந்தால் வேலை மற்றவர்களுக்குத்தான். அவர் அக்காவைக் கலியாணம் செய்த முதல் வருஷமே இது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே போய் அகப்பட்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்.

அது இரண்டாம் உலக யுத்தகாலம். அத்தான் புத்தூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஆசுபத்திரிக்கு டொக்டர். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிழமை நாட்களில் பள்ளிக்கூட விடுதியில் இருப்பேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போவேன். பெற்றவர்கள் இல்லாத எனக்கு அந்த வீடுதான் வீடு.

அப்படிப் போன ஒரு வெள்ளிக்கிழமை, அத்தான் சாப்பிடாமல் கதிரையில் இருந்து கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தை அக்காதான் சொன்னாள். கொடிகாமத்திலிருந்து ஒரு பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்திருக்கிறார்கள். பிள்ளை பெற்று ஒன்பது நாள். கடும் காய்ச்சல். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கூப்பன் அரிசியும் கிழங்கும் தவிர வேறு எதுவும் மாதக்கணக்கில் அவள் வயிற்றுக்குப் போகவில்லை. அத்தான் கிருமியைக் கொல்லுகிற சல்பாக் குளிசை கொடுத்தார். எல்லாருக்கும் கொடுக்கிற அதே அளவுதான். அடுத்த நாள் வாந்தி. அதற்கு அடுத்த நாள் சிறுநீர் நின்றுவிட்டது.

குளிசையை நிறுத்தி, சோடா உப்புக் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பருக்கி, அவளை ஒருவாறு காப்பாற்றிவிட்டார்கள். எனக்கு விஷயம் அதோடு முடிந்தது. அத்தானுக்கு அங்கேதான் தொடங்கியது.

"பக்கத்துக் கட்டில்காரியும் அதே குளிசையைத்தான் குடிச்சவள். அவளுக்கு ஒண்டுமில்லை. ஏன்?" என்றார் என்னைப் பார்த்து.

"எனக்கென்ன தெரியும் அத்தான்? நான் ரீச்சர்."

"ரத்தத்திலை புரதம் இருக்கு. குடிக்கிற மருந்திலை ஒரு பங்கு அந்தப் புரதத்திலை ஒட்டிக்கொள்ளும். மிச்சம்தான் சும்மா திரியும். இவளின்ரை வீக்கத்தைப் பார்த்தால் ரத்தத்திலை புரதம் குறைஞ்சுபோச்சு எண்டுதான் நினைக்கிறன். அப்ப ஒட்ட இடமில்லாமல் கூட மருந்து சும்மா திரிஞ்சிருக்கும். அதுதான் அவளை அடிச்சுப்போட்டுது."

"அப்படியெண்டால் அதுதான் விடை. சாப்பிடுங்கோ."

"அது விடை இல்லை, நினைப்பு. அளந்து பார்க்க வேணும். உங்கடை பள்ளிக்கூடத்திலை நல்ல தராசு இருக்கு, என்ன?"

தராசு இருந்தது. தராசு இருக்கிற அறையின் திறப்பும் என்னிடம்தான் இருந்தது. நான் அகப்பட்ட கதை இவ்வளவுதான்.

அவர் சொன்ன முறை கேட்பதற்குச் சுகமானது. ரத்தத்தை உறைய விட்டால் மேலே மஞ்சள் நீர் தெளியும். அந்த நீரில் குளிசையைக் கரைத்து, மெல்லிய தாள் பையில் ஊற்றிக் கட்டி, உப்புத்தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். புரதம் பெரியது, தாளின் துவாரத்தால் வெளியே வராது. அதில் ஒட்டிய மருந்தும் வராது. ஒட்டாத மருந்து மட்டும் வெளித்தண்ணீருக்கு வரும். ஒரு நாள் கழித்து வெளித்தண்ணீரில் சில திராவகங்களைச் சேர்த்தால் மருந்து இருக்கிற அளவுக்குச் செம்மஞ்சள் நிறம் தெரியும். நிறத்தைக் குழாய்களில் ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். சாயம் பிடிக்கிற சரக்கெல்லாம் எங்கள் பள்ளிக்கூட அலுமாரியிலேயே இருந்தது.

சுகமான முறை என்றார். முதல்நாள் உப்புத்தண்ணீரே சரிவரவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது என்பது பானையில் படிகிற வெள்ளையைப் பார்த்த எவருக்கும் தெரியும். அதில் சோதனைக்கு வேண்டிய பொசுபேற்று உப்பைப் போட்டதும் மோர்போல வெளுத்துவிட்டது. பிறகு நான் பள்ளிக்கூடத்து வாலையில் தண்ணீர் காய்ச்சி வடித்து, போத்தல் போத்தலாகப் பஸ்ஸில் மடியில் வைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். கொண்டக்டர் ஒவ்வொரு கிழமையும், "ரீச்சர், புத்தூரிலை தண்ணி இல்லையோ?" என்று கேட்பான். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

அடுத்தது பை. தாளுக்கு எங்கே போவது? யுத்தத்தில் கப்பலே ஒழுங்காக வரவில்லை. அத்தான் ஒருநாள் வெற்றியோடு வந்தார். பட்டாளத்துக்காரர் எறிந்த சிகரெட் பெட்டிகளின் மேலுறை, கண்ணாடித் தாள், ஒரு கத்தை. "இதைவிட மெல்லிசாய் உமக்கு என்ன வேணும்?" என்றார். அந்தத் தாளை மடித்துப் பசை வைத்துப் பை செய்து, அவருடைய ரத்தத்தையே எடுத்துத் தெளிய வைத்துச் சோதனை போட்டோம். அடுத்த நாள் வெளித்தண்ணீரில் திராவகங்களை விட்டேன். நிறமே வரவில்லை. இன்னும் விட்டேன். தண்ணீர் தண்ணீராகவே நின்றது.

அத்தான் துள்ளிக் குதித்தார். "முழு மருந்தும் புரதத்திலை ஒட்டிப்போட்டுது! ஒரு துளி வெளியிலை வரேல்லை!"

அன்று பின்னேரமே கொழும்பில் தன்னோடு படித்த ஒரு பெரிய டொக்டருக்கு நாலு பக்கம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டார்.

திங்கட்கிழமை நான் எட்டாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று, "எந்தச் சோதனைக்கும் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வைக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது. நாங்கள் வைக்கவில்லை. புரதமே இல்லாத வெறும் உப்புத்தண்ணீரில் மருந்தைக் கரைத்து, அதே தாளில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நாலு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் காதில் ஓதுகிற பாடம் அது.

மத்தியானமே ஆய்வறையில், மிஞ்சிய தாளில் அந்தப் பையைக் கட்டித் தொங்கவிட்டேன். அடுத்த நாள் பார்த்தால் அதிலிருந்தும் ஒரு துளி மருந்து வெளியே வரவில்லை. தாளின்மேல் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன். சேம்பிலையில் நிற்பதுபோலத் திரண்டு உருண்டு ஓடியது. சிகரெட்டுக்கு ஈரம் படாமல் இருக்கத் தாளுக்கு ஏதோ பூச்சுப் பூசியிருக்கிறார்கள். மருந்து எதிலும் ஒட்டவில்லை. போக வழி இல்லாமல் பைக்குள் நின்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமை போய் அத்தானிடம் சொன்னேன். 

"இதை நீர் முதலே சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் ஒருநாள் பொறுத்துக் கடிதம் போட்டிருக்கலாம்."

அக்கா குசினிக்குள் இருந்து, "ரெண்டு பேரும் பறையாமல் சாப்பிடுங்கோ" என்றாள். முதற் கடிதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அத்தான் இரண்டாம் கடிதம் எழுதினார். அது ஒரு பக்கத்துக்கும் குறைவு.

அந்த இடத்தில் விட்டிருக்கலாம். நான்தான் விடவில்லை. பிழை என்னுடையது என்ற ரோசம். ஆசுபத்திரியில் காயத்துக்குப் பூசுகிற கொலோடியன் என்ற திராவகம் இருந்தது. பூசினால் தோல்போலக் காய்ந்து நிற்கும். அதைச் சோதனைக்குழாய்க்குள் ஊற்றிச் சுழற்றி வடித்துக் காய வைத்து, தண்ணீர் விட்டுக் கழற்றினால் பை வரும் என்று நானே கண்டுபிடித்தேன். வந்ததுதான். பங்குனி வெயிலில் காய்ந்தால் சுருங்கி உடைந்தது. மழைக்குணத்தில் காய்ந்தால் கிழிந்தது. பத்துச் செய்தால் ஒன்று தேறும். விடியற்காலமே எழும்பிச் செய்தால் மூன்று தேறும் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் போனது. இந்த முறை வெறும் தண்ணீர்ப் பையைத்தான் முதலில் போட்டேன். மருந்து வடிவாக வெளியே வந்தது.

இனி ரத்தம் வேண்டும். அத்தான் ஆசுபத்திரிக்கு வந்த நாலைந்து பேரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். இரண்டு கிழமையில் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. டொக்டர் ரத்தம் எடுத்துப் பட்டாளத்துக்கு அனுப்புகிறாராம். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஏற்றுகிறார்களாம். வெளிநோயாளர் இருக்கிற வாங்கு வெறிச்சோடிப் போனது. காய்ச்சல்காரரெல்லாம் நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியாரிடம் போனார்கள். ஒரு கிழவர் மட்டும் வந்து, கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு, நாக்கை மட்டும் நீட்டிக் காட்டினார்.

அதன்பிறகு என் ரத்தம்தான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அத்தான் என் கையில் ஊசி ஏற்றினார். அக்கா மூன்றாம் முறை கண்டுவிட்டாள்.

"கலியாணம் பேசுற வயதிலை கையெல்லாம் நீலம் பாய்ஞ்சு கிடக்கு. கேட்டு வாறவைக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"இரசாயனம் படிப்பிக்கிறாள் எண்டு சொல்லுங்கோ."

"விசரி!" என்றவள், எனக்கு முன்னால் ஒரு பேணி பாலை வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடும் கதைக்கவில்லை, அத்தானோடும் கதைக்கவில்லை. பால் மட்டும் தவறாமல் வந்தது.

ரத்தநீரை ஒரு நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும். எங்கள் வெப்பத்தில் அது அரை நாளில் மணக்கத் தொடங்கிவிடும். பட்டினத்திலிருந்து பனிக்கட்டி எடுத்துப் பஸ்ஸில் வந்தால் ஈரச் சாக்குத்தான் மிச்சம். கிணற்றுக்குள் குளிர்ச்சி இருக்கும், போத்தலைக் கயிற்றில் கட்டி இறக்கலாம் என்று அத்தான் சொன்னார். சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய் திறந்தாள்.

"குடிக்கிற கிணத்துக்கை ரத்தமோ? பச்சைத் தண்ணி பல்லிலை படாமல் விரதம் பிடிக்கிற வீடு இது. உந்தப் போத்தல் என்ரை கிணத்துக்கை இறங்கினால் நான் இந்த வளவிலை இருக்கமாட்டன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே அத்தான் ஆசுபத்திரிக்குப் பின்னால் இருந்த புகையிலைத் தோட்டத்துக் கிணற்றில் இறக்கினார். தோட்டக்காரரிடம் கேட்டீர்களா என்றேன். "அவர் என்ரை சினேகிதன்தானே, பேந்து சொல்லுவம்" என்றார்.

அடுத்த நாள் காலை இறைக்க வந்தவர்கள் துலாக்கயிற்றில் ஏதோ சிக்குகிறது என்று இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாயில் வெள்ளைத்துணி கட்டிய போத்தல். உள்ளே தோல்போல ஒரு பை, நூலால் வரிந்து கட்டியது. பைக்குள் மஞ்சள் தண்ணீர். செய்வினை இல்லாமல் வேறு என்ன? நான் போய்ச் சேரும்போது பூசாரி வந்து எலுமிச்சம்பழம் வெட்டி முடித்திருந்தார். போத்தலை உடைத்து, வேலியோரத்தில் குழி தோண்டிப் புதைத்து, மேலே நீறு தூவியிருந்தார்கள். ஒரு மாதப் பாடு அந்தக் குழிக்குள்.

"அது செய்வினை இல்லை. என்ரை போத்தல்" என்றேன்.

தோட்டக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உள்ளுக்கை என்ன பிள்ளை?"

பொய் சொல்ல வரவில்லை. "என்ரை ரத்தம்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஓர் அடி பின்னால் போனார்கள். அத்தான் ஓடி வந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார். புரதம் என்றார், துவாரம் என்றார். தோட்டக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். "டொக்டர், உங்களோடை எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தக் கிணத்தை இறைச்சு வத்தப்பண்ணாமல் என்ரை ஆக்கள் ஒருத்தரும் இனித் தண்ணியைத் தொடமாட்டினம்."

அன்று பொழுது சாயும் வரை துலா மிதித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வரம்பில் நின்றோம். நிழல் இல்லை. இருக்கச் சொல்லவும் யாரும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது, இனி இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று அத்தானிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அவருக்கே வெட்கமாக இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் அந்தக் கொடிகாமத்துப் பெண் வந்தாள். பிள்ளைக்கு வயிற்றோட்டம். பிள்ளையைப் பார்த்து மருந்து கொடுத்த பிறகு அத்தான் அவளுடைய காலைப் பார்த்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்ததே தவிர மாறவில்லை. நான் அன்று அங்கே நின்றேன். அத்தான் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"ஐயா ரத்தம் எடுத்துப் பார்க்கிறியளாம். என்னாலைதான் அது தொடங்கினது எண்டு ஆசுபத்திரி நேஸ் பிள்ளை சொன்னா. உண்மையோ?"

"ஓம்."

"அப்ப என்ரை ரத்தத்தை ஏன் எடுக்கேல்லை?"

வாசலில் நின்ற புருஷன், "வேண்டாம், வா போவம்" என்றான். அவள் திரும்பிப் பார்க்காமல், "சாகக் கிடந்தது நான்" என்றாள். பிறகு அத்தானிடம், "எடுங்கோ. ஆனால் என்னத்துக்கெண்டு எனக்கு விளங்கச் சொல்லிப்போட்டு எடுங்கோ" என்றாள்.

தோட்டத்தில் பட்டது போதாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அத்தான் இந்த முறை புரதம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "பஸ்ஸிலை ஏறியிருக்கிறீரோ? ரத்தத்தை ஒரு பஸ் எண்டு நினையும். மருந்து ஏறுது. சீற்றிலை இருக்கிற மருந்து ஆரையும் இடிக்காது. நிக்கிற மருந்துதான் இடிக்கும். கிருமியையும் இடிக்கும், உம்மையும் இடிக்கும். உம்மடை பஸ்ஸிலை சீற்றுக் குறைவு எண்டு நினைக்கிறன்."

அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டு யோசித்தாள். "அப்ப சீற்றிலை இருக்கிறவை கடைசிமட்டும் அதிலையே இருப்பினமோ? நிக்கிறவை இறங்க இறங்க, இவையும் எழும்பி வருவினம்தானே?"

 அது சரிதான். ஒட்டிய மருந்து ஒட்டியபடியே இருப்பதில்லை. சும்மா திரிவது குறையக் குறைய, ஒட்டியிருப்பது விட்டு வரும். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் கதைத்ததே இல்லை. இரசாயனம் படித்த எனக்காவது அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். எனக்கு வந்த கோபம் முழுக்க என்மேல்தான்.

"ஓம்," என்றார் அத்தான். "வருவினம்."

அவள் கையை நீட்டினாள். சின்னக் குழாய்க்கு மட்டும்தான் எடுத்தார். புருஷன் வெளியே போய் நின்றான். சங்காத்தமே வேண்டாம் என்ற நானே அதையும், அன்றே எடுத்த என் ரத்தத்தையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

இந்த முறை கிணறும் இல்லை, அத்தானும் இல்லை. பள்ளிக்கூட விடுமுறை. ஆய்வறையின் மூலையில் பெரிய மண்பானையை ஈரச் சாக்கால் சுற்றி, உள்ளே போத்தல்களை வைத்து, மணிக்கு ஒருக்கால் சாக்கை நனைத்துக்கொண்டு தனியே இருந்தேன். அவளுடைய ரத்தநீரில் மூன்று பை, என்னுடையதில் மூன்று பை, வெறும் தண்ணீரில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மருந்து. ஒரு பை ஒழுகியது, என்னுடையது. மற்றவை தாங்கின.

அடுத்த நாள் குழாய்களை யன்னலுக்கு நேரே வைத்துத் திராவகங்களை விட்டேன். என் ரத்தநீருக்கு வெளியே இருந்த தண்ணீரில் வெளிறிய செம்மஞ்சள். அவளுடையதில் அதைவிடக் கடும் நிறம். மூன்றிலும் அப்படித்தான். வெறும் தண்ணீர்ப் பையினது எல்லாவற்றிலும் கடுமை. கண்ணை மூடிக்கொண்டு குழாய்களை இடம் மாற்றி வைத்து, பிறகு நிறத்தை வைத்தே பிரித்துப் பார்த்தேன். சரியாகப் பிரிந்தது. என்னையே நான் நம்பாத நிலைக்கு வந்திருந்தேன்.

அத்தானுக்குக் காட்டினேன். இந்த முறை அவர் துள்ளவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் கடிதம் எழுதினார். என் பெயரின் முதலெழுத்துகளையும் தன் பெயரோடு சேர்த்துக் கையெழுத்துக்குக் கீழே போட்டார். வெறும் தண்ணீர்ப் பையைப் பற்றி ஒரு முழுப் பந்தி எழுதினார்.

பதில் இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்தது. "அன்புள்ள ஐயாமாருக்கு" என்று தொடங்கியது. முடிவு கவனிக்கத்தக்கதாம். ஆனால் வீங்கிய ஆளொருவரின் ரத்தமும் சுகதேகி ஒருவரின் ரத்தமும் எதையும் நிறுவப் போதாதாம். பக்கத்துக்குப் பத்துப் பேராவது வேண்டுமாம். கையால் செய்த பைகளுக்குத் தடிப்பு ஒரு சீராக இராது, ஆகவே நல்ல தாள் கிடைத்ததும் ஐயாமார் இருவரும் சோதனையைத் திரும்பச் செய்வது நல்லதாம்.

எழுதியது முழுக்கச் சரி. அதுதான் தாங்கமுடியவில்லை. பிழை இருந்திருந்தால் மறுத்து எழுதலாம்.

"பத்துப் பேரைப் பிடிப்பம்" என்றார் அத்தான்.

"நீங்கள் பிடியுங்கோ. இந்த ஐயாவாலை ஏலாது."

அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு மாதம் என்னோடு கதைக்காமல் இருந்தார். அந்த மாதம் முழுக்க அக்கா என்னோடு நன்றாகக் கதைத்தாள்.

பத்துப் பேர் ஒருநாளும் சேரவில்லை. யுத்தம் முடிந்து புதிய ஊசி மருந்துகள் வரத் தொடங்க, சல்பாக் குளிசையில் அக்கறை காட்ட ஆளில்லை. ஆனால் அத்தான் மாற்றல் ஆகிப் போகும்வரை, அந்த ஆசுபத்திரியில் சல்பா எழுதுமுன் ஒவ்வொருவரின் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்து நின்றால் அளவைக் குறைப்பார், தண்ணீர் கூடக் கொடுக்கச் சொல்வார், பயறும் முட்டையும் சாப்பிடச் சொல்லி வீட்டுக்காரரோடு சண்டை பிடிப்பார். அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் அப்படிச் சிறுநீர் நிற்கவில்லை. அது எங்கள் சோதனையாலா, கொடுத்த தண்ணீராலா, முட்டையாலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அளந்து பார்க்க வேண்டும் என்று நான் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அத்தான் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தும், றோட்டுக்கு நடந்துவிட்டேன்.